முக்கியமான வேலையைத்தான் மனிதர்கள் தள்ளிப்போடுகிறார்கள், ஏன்?

அவசியம் என்று தெரிந்த வேலையையே மனிதர்கள் தள்ளிப்போடுவது ஏன், அது வாழ்க்கையை என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடமும் அப்படியொரு வேலை கிடப்பில் இருக்கிறது என்றே எண்ணுகிறேன். பலர் இதைச் சோம்பல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். வள்ளுவரே நெடுநீர், மறவி, மடி, துயில் என நான்கையும் தனித்தனியாகத்தான் எண்ணினார். காலந்தாழ்த்தும் நெடுநீர் வேறு, சோம்பலாகிய மடி வேறு.

அப்பாவுக்கு மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், அரச அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த ஒரு வளவு இருந்தது. அம்மா காலமான பின் தங்கை அங்கேயே குடியிருந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். வீடுவளவு பெண்பிள்ளைக்கு என்பது மட்டக்களப்பில் எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லாத வழக்கம். ஆனால் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நமது வழக்கத்தைப் பார்ப்பதில்லை. தனக்குப் பின் காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரைப் பதியாமல் ஒருவர் இறந்து, அவருக்கு வாழ்க்கைத்துணையும் இல்லாவிட்டால், அச்சட்டத்தின் அக்காலத்து வாரிசு அட்டவணைப்படி மகன்களே முதலில் வருவார்கள், அவர்களிலும் மூத்தவர். அந்த ஒழுங்கு 2022இல்தான் திருத்தப்பட்டது. மூத்த மகன் நான்.

அப்பாவைப் பிரதேச செயலகத்துக்கு அழைத்துப்போய்த் தங்கையின் பெயரைப் பதிவிப்பது என் பொறுப்பாக இருந்தது. நான் வாவியின் மறுகரையில், ஆரையம்பதியில் இருந்தேன். மண்முனைத் துறையில் படகுக்குக் காத்து நிற்க வேண்டுமே என்பது முதல் சாட்டு. 2014இல் பாலம் திறந்தது, சாட்டுப் போயிற்று, நான் போகவில்லை. பெரும்போக வெட்டு முடியட்டும், சித்திரை வருடப்பிறப்புக் கழியட்டும் என்று வேறு சாட்டுகள் வந்தன. படிவத்தை நிரப்பி, அப்பா கையொப்பமிட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளியும் வைத்து, பொலித்தீன் உறையில் போட்டு அலுமாரியின் மேல் வைத்திருந்தேன். எடுத்துத் தூசி தட்டுவேன், அந்தப் புள்ளியைப் பார்ப்பேன், திரும்பவும் மேலே வைத்துவிடுவேன்.

"உங்களுக்குப் பிறகு" என்ற சொல்லை அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. காரணம் அவ்வளவுதான். ஒரு வேலை எழுப்பும் அச்சத்தையும் சஞ்சலத்தையும் அந்த நேரத்துக்குத் தணித்துக்கொள்ளவே மனிதர் அதை ஒத்திவைக்கிறார் என்று சிரோவா, பிச்சில் என்னும் உளவியலாளர்கள் 2013இல் எழுதினார்கள். எனக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிற்பகலின் நிம்மதி கிடைத்தது.

2017இல் அப்பா காலமானார். 31ஆம் நாள் சடங்கு முடிந்து பந்தியில் இருந்தபோது தங்கையின் கணவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "காணிக்காகத்தானே மச்சான் இவ்வளவு நாளும் இழுத்தடிச்ச நீங்க?"

இதைப் படிக்கும் சிலரும் அப்படி நினைக்கலாம். வளவைத் தங்கையின் பெயருக்கு மாற்ற மூன்று ஆண்டுகள் நானே அலைந்து முடித்தேன். கடிதங்கள் அனைத்தும் என்னிடம் உள்ளன. அப்பாவின் கிளினிக் நாள் ஒன்றையேனும் நான் தவறவிட்டதில்லை என்பதை மட்டும் அன்று எவரும் பேசவில்லை. தங்கை இன்றும் தைப்பொங்கலுக்கு வருகிறாள். அவளுடைய கணவர் வருவதில்லை.

சென்ற மாசியில் என் மகனையும் மகளையும் இருத்தி, எனக்குப் பிறகு எது யாருக்கு என்று சொன்னேன். பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது. மகள் தேத்தண்ணீர் வைக்க எழுந்து போனாள்.