அம்மாவுக்கு டிஎம்எஸ்: மூளை கருகாது, பயப்படாதீர்கள்

இரண்டு மாத்திரை மாற்றியும் அம்மாவின் மனச்சோர்வு குறையவில்லை, டாக்டர் டிஎம்எஸ் (காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் சிகிச்சை) எடுக்கச் சொல்கிறார், மூளை கருகிவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். சினிமாவில் காட்டும் ஷாக்கை நினைத்துப் பயப்படுகிறீர்கள் போல. அது வேறு, இது வேறு. (அந்த ஷாக்கையே மயக்க மருந்து இல்லாமல் கொடுக்கக் கூடாது என்கிறது நம் 2017 மனநலச் சட்டம்.)

இதில் நெற்றிக்குச் சற்று மேலே, இடப்பக்கம் காந்தச் சுருளை வைப்பார்கள். அதன் துடிப்பு சுருளிலிருந்து 2, 3 சென்டிமீட்டர்தான் உள்ளே இறங்கும். மனச்சோர்வில் அந்த முன்மூளைப் பகுதி மந்தமாகக் கிடப்பதுண்டு. அதைத் தட்டித் தட்டி எழுப்பினால், அதோடு இணைந்த, துக்கத்தோடு தொடர்புள்ள ஆழமான பகுதியின் கூச்சலும் அடங்கும் என்பது கணக்கு.

எனக்கு எடுத்தபோது மரங்கொத்தி தலையில் உட்கார்ந்து கொத்துவது போலிருந்தது. முடிந்ததும் நானே ஸ்கூட்டர் ஓட்டி வீட்டுக்கு வந்தேன். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை, அப்புறம்தான் தூக்கம் சரியானது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். வாரம் 5 நாள், 4 முதல் 6 வாரம் என்பதால் அலைச்சல்தான் பெரிய தொல்லை.

அம்மாவுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தாலோ, தலைக்குள் உலோகக் கிளிப், காது கேட்க உள்ளே பொருத்தும் காக்ளியர் கருவி ஏதும் இருந்தாலோ முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.