வீட்டிலிருந்தே வேலை: நாற்காலி வாங்கும் முன் வெயிலைப் பாருங்கள்

சென்னையில் வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்க்கும் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளும், வீடு வடிவமைப்பவர் ஒருவரின் பதில்களும்.

கேள்வி (மேடவாக்கம்): மூணாவது மாடி சார், அதுக்கு மேல மொட்டை மாடிதான். எனக்கு ஆபீஸ் போன் கால் எல்லாம் ராத்திரி ஏழு மணிக்கு மேல. வெயில் இறங்கின பிறகும் ரூம் கொதிக்குது, ஏசி போட்டாலும் எடுபடல. பெரிய ஏசியா மாத்தணுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பகல் முழுக்க வாங்கிய வெப்பத்தை காங்கிரீட் தளம் சாயங்காலத்துக்கு மேல்தான் அறைக்குள் இறக்கும். உங்கள் வேலை நேரம் அதோடு சரியாக மோதுகிறது. முதலில் மாடிக்குப் போய்ப் பாருங்கள். வெறும் தளமாக இருந்தால், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, தண்ணீர் இறங்கும் குழாய்ப் பக்கம் வாட்டம் கொடுத்து, மேலே தட்டை ஓடு பதிப்பது நிலையான தீர்வு. வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் கேட்டு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிக்கலாம்.

அந்த பெயின்ட் உரிந்து வருகிறது என்று பலர் சொல்கிறார்கள். பெரும்பாலும் அவசரம்தான் காரணம். பாசியைச் சுரண்டாமல், விரிசலை அடைக்காமல், ஈரத்தின் மேலேயே அடித்தால் முதல் மழைக்கே அப்பளம் மாதிரி கிளம்பும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிட்டு, ப்ரைமர் ஒரு கோட், பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். மார்ச்சில் செய்தால் அக்னி நட்சத்திரத்துக்கு முன் தயார். தூசி படிந்த வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பாது. கோடையில் அவ்வப்போது கழுவி விடுங்கள்.

கேள்வி (அம்பத்தூர்): ஜன்னல் மேற்கு பார்த்தது. தடித்த திரை போட்டும் மூணு மணிக்கு மேல உட்கார முடியல.

பதில்: திரை அறைக்குள் இருக்கிறது; வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகு அதைத் தடுத்து என்ன பயன்? வெயிலை வெளியிலேயே நிறுத்துங்கள். சாயும் வெயில் கிட்டத்தட்ட நேராக உள்ளே வருவதால் 2 அடி சன்ஷேட் அதை மறைக்காது. கிரில்லுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டி, பகல் ஒரு மணிக்கே இறக்கிவிடுங்கள். முடிந்தால் மேஜையைக் கிழக்கு அல்லது தெற்கு ஜன்னல் உள்ள அறைக்கு மாற்றுங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் கடல் காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

கேள்வி (வேளச்சேரி): நான் 5 அடி 2 அங்குலம். நல்ல விலைக்கு நாற்காலி வாங்கியும் தோள்பட்டை வலி போகல.

பதில்: குற்றம் மேஜையில் இருக்கலாம்மா. கடை மேஜைகள் பெரும்பாலும் 29, 30 அங்குல உயரம். உங்கள் உயரத்துக்கு, பாதம் தரையில் பதிய உட்கார்ந்தால் முழங்கை சுமார் 25 அங்குலத்தில் நிற்கும். நான்கைந்து அங்குலம் மேலே தட்டச்சு செய்யும்போது தோளைத் தூக்கியே வைத்திருக்கிறீர்கள். டேப் எடுத்து, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து பாருங்கள். ஆசாரியிடம் செய்வதானால் அந்த அளவே மேஜை உயரம். முன் விளிம்பை உருட்டச் சொல்லுங்கள், கூரான மைக்கா விளிம்பு மணிக்கட்டை அழுத்தும். இருக்கும் மேஜையே போதுமென்றால் நாற்காலியை ஏற்றி, காலடியில் 4 அங்குல மணை போடுங்கள். லேப்டாப்பை ஸ்டாண்டில் வைத்து, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும். கீபோர்டு தனியாக வேண்டும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் கூசும்.

கேள்வி (பெரம்பூர்): 10க்கு 10 அறை, கதவைச் சாத்தி ஏசி போட்டு வேலை. மதியத்துக்குள்ள தலை கனத்து தூக்கம் தள்ளுது.

பதில்: ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருப்பதையே குளிர்வித்துச் சுற்றும். நீங்கள் விட்ட மூச்சுக்காற்று அங்கேயே தேங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஜன்னலையும் கதவையும் பத்து நிமிடம் திறந்து வையுங்கள். ஏசி 26, கூடவே மின்விசிறி மெதுவாக ஓடட்டும். 20-ல் வைத்து நடுங்க வேண்டியதில்லை.

கேள்வி (மேற்கு மாம்பலம்): மாமியார் ஹாலில் சீரியல் பார்ப்பாங்க. சத்தம் மீட்டிங்ல கேக்குது. டிவியை அவங்க ரூமுக்கு மாத்திடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஹால்தான் அவர்கள் பகல் பொழுதைக் கழிக்கும் இடம். உங்கள் வேலைக்காக அவர்களை ஓர் அறைக்குள் ஒடுக்குவது நல்ல வடிவமைப்பு ஆகாது. உங்கள் கதவைச் சரிசெய்யுங்கள். சத்தம் பெரும்பாலும் கதவுக்கு அடியிலுள்ள இடைவெளி வழியாகத்தான் வரும். நிலையைச் சுற்றி ரப்பர் பட்டையும், அடியில் ரப்பர் சீலும் ஒட்டுங்கள். உள்ளே வெற்றிடமுள்ள லேசான கதவானால் 35 மில்லிமீட்டர் கெட்டி ஃபிளஷ் கதவு போடுங்கள். டைல்ஸ் தரையில் குரல் எதிரொலித்தால் ஒரு ஜமுக்காளம் விரியுங்கள்.

கேள்வி (தாம்பரம்): சார்ஜில் இருக்கும்போது லேப்டாப்பைத் தொட்டால் சுர்ருன்னு இருக்கு.

பதில்: எர்த் சேரவில்லை. இரண்டு முள் அடாப்டரோ மட்டமான எக்ஸ்டென்ஷனோ நடுவில் இருந்தால் முதலில் அதை எடுங்கள். அப்படியும் இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்து சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 230 வோல்ட்டை ஒட்டி வரவேண்டும். கூடவே, மின்கசிவு வந்தால் உடனே கரன்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி போட்டுவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி (முடிச்சூர்): புயல் சமயத்தில் கரன்ட் போனால் எவ்வளவு நேரம் ஓட்டலாம்? 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) இன்வெர்ட்டர் பேட்டரி.

பதில்: 12 வோல்ட், 150 ஏஎச் என்றால், இரண்டையும் பெருக்கி, கணக்குக்கு 1,800 வாட்-அவர். இழப்பு போக, பேட்டரியை முழுதும் வடிக்காமல் விட்டால் 1,200 வரை நம்பலாம். லேப்டாப் 65, ரூட்டர் 12, கரன்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் 30, எல்இடி டியூப் 20, மொத்தம் 127 வாட். ஒன்பது மணி நேரம் வரும். பழைய 75 வாட் ஃபேன் என்றால் ஏழு மணி நேரம். ஆனால் கட்டடத்தின் கீழே இன்டர்நெட்காரர் வைத்த ஸ்விட்ச் பெட்டிக்கு பேக்கப் இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். இல்லையென்றால் வீட்டில் விளக்கு எரியும், நெட் இருக்காது. பேட்டரியைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றோட்டமான பால்கனி மூலையில், மழைச்சாரல் படாமல், தரையிலிருந்து ஓரடி உயர்த்தி வையுங்கள்.