பெருந்தொற்றுக் காலத்தில் கிராமத்து இளைஞர்களைக் கவனமாக இருக்க வைப்பது எது?

தன் உயிரைப் பற்றிய பயம் இல்லை. வீட்டில் இருக்கும் அப்பத்தாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் நான் கண்டது இது.

தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று மதுரையில்தான் நேர்ந்தது. அப்போதும் பையன்கள் மந்தையில் கூடித்தான் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கவில்லை என்றதும்தான் கொஞ்சம் உறைத்தது. அபராதத்துக்குப் பயந்து போட்ட முகக்கவசம் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் தாடைக்கு இறங்கிவிடும்.

அப்புறம் 2021-இல் இரண்டாம் அலை. திருப்பூரிலிருந்து திரும்பிய பையன் ஒருவன் வீட்டுக்குள்ளேயே போகாமல் தோட்டத்து மோட்டார் அறையில் 14 நாள் தங்கினான். அவன் அப்பத்தாவுக்குச் சர்க்கரை நோய். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அவனைப் பார்த்து, அடுத்து ஊர் திரும்பிய கூட்டாளிகளும் அப்படியே செய்தார்கள்.