எஸ்.எஸ். ரெயிலிங் துருப்பிடித்தது: யார் பொறுப்பு?

கேள்வி: தூத்துக்குடியில் எங்கள் புது வீட்டு மாடிப்படிக்கும் பால்கனிக்கும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ரெயிலிங் போட்டோம். '304 கிரேடு' என்று எழுதிய கொட்டேஷனைப் பட்டறைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 1,65,000 ரூபாய் வங்கி மூலம் கொடுத்தோம், 20,000 பாக்கி. பில் தரவில்லை. எட்டே மாதத்தில் வெல்டிங் இட்ட இடமெல்லாம் பழுப்பேறிவிட்டது. பால்கனியில் ஒரு தூண் ஆடுகிறது. கேட்டால், "காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டாது. அசல் 304. கடல் காற்றுக்கு நானா பொறுப்பு?" என்கிறார். போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், பெரிய பலன் இருக்காது. வேலை பேசிய அன்றே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது மோசடி. 'சிவில் விவகாரம்' என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். நீங்கள் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

ஆனால் துருவை மட்டும் காட்டி வழக்குப் போடாதீர்கள். கடலோரத்தில் அசல் 304-லும் பழுப்புப் புள்ளி வரும். உப்புக் காற்றை அதைவிட நன்றாகத் தாங்குவது 316 கிரேடு. எதிர்த் தரப்பு இதைத்தான் பிடித்துக்கொள்ளும். உங்கள் வழக்கு, பேசிய கிரேடைப் போட்டாரா என்பது. காந்தப் பரிசோதனை இதற்கு உதவாது: மலிவான 202 கிரேடிலும் காந்தம் பொதுவாக ஒட்டாது. வித்தியாசம் நிக்கலில் இருக்கிறது. 304-ல் குறைந்தது 8 சதவீதம். 202-ல் 4 முதல் 6 வரைதான், குறைவதை மாங்கனீசை வைத்து ஈடுகட்டுவார்கள். கிரேடைச் சோதிக்கக் கடையில் விற்கும் சொட்டுத் திரவம் உங்கள் சந்தேகத்தைத் தீர்க்கலாம். ஆணையத்துக்கு ஆய்வக அறிக்கை வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 38-ஆவது பிரிவின்படி ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டும்.

அறிக்கை 304 என்றே வந்தாலும் வழக்கு முடிந்துவிடாது. ஆடும் தூணுக்குக் கடல் காற்றைக் காரணம் சொல்ல முடியுமா? தூணைத் தரையோடு பிணைக்கும் பேஸ் பிளேட்டும் போல்ட்டும் சரியாக இறுகவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. கிரேடைப் பொய்யாகச் சொல்வதும் பில் தராததும் முறையற்ற வணிக நடைமுறை.

"ஆள் அனுப்புகிறேன், பஃபிங் போட்டால் பளபளவென்று ஆகிவிடும்" என்று அவர் இறங்கி வரலாம். இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள், கறையோடு சாட்சியமும் போய்விடும். ஒவ்வொரு இணைப்பையும் கிட்டத்திலும் தள்ளியும் படமெடுங்கள். பால்கனிப் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள்; படமெடுத்தபின் அந்த இடத்தைத் தற்காலிகமாக அடைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல், அந்தக் கைபேசியையும் மாற்றாமல் வைத்திருங்கள். மின்னணுச் சான்றாகத் தாக்கல் செய்ய, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும்.

பிறகு, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். கட்டாயம் இல்லை, இருந்தால் நல்லது. பதினைந்து நாள் அவகாசம் போதும். புகாருக்குக் காலவரம்பு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை (வழக்கறிஞரான நானே சொல்கிறேன்). மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ, இழப்பீடோ கேட்கலாம்.

பாக்கி 20,000 ரூபாயை இப்போது கொடுக்க வேண்டாம். ஆனால் எவ்வளவு பாக்கி, ஏன் நிறுத்தியிருக்கிறீர்கள் என்பதை நோட்டீஸிலும் புகாரிலும் மறைக்காமல் எழுதிவிடுங்கள். அவர் சொல்லி ஆணையத்துக்குத் தெரியவந்தால் உங்களுக்குத்தான் சங்கடம்.