உலக செஸ் சாம்பியன் யாராவது ஃபிடே தலைவராக இருந்திருக்கிறாரா?

ஒருவர்தான்: நெதர்லாந்தின் மேக்ஸ் யூவ். 1935-ல் அலெகைனை வீழ்த்திப் பட்டம் வென்றவர், 1970 முதல் 1978 வரை சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேவின் தலைவராக இருந்தார். 1972-ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் சோவியத் சாம்பியன் ஸ்பாஸ்கியுடன் மோதவிருந்த உலகப் பட்டப் போட்டிக்கு அமெரிக்காவின் ஃபிஷர் குறித்த நாளில் வந்து சேரவில்லை. யூவ் இரண்டு நாள் அவகாசம் கொடுத்தார். சோவியத் தரப்பு கொதித்தது. விதிப்படி பார்த்தால் அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் கறாராக நின்றிருந்தால் அந்தப் போட்டியே நடந்திருக்காது என்பது என் கணிப்பு.

அடுத்து வந்த ஐஸ்லாந்தின் ஓலாஃப்சன் கிராண்ட்மாஸ்டர், சாம்பியன் அல்ல. அவருக்குப் பின் 1982-ல் பிலிப்பைன்ஸின் கம்போமனேஸ். 1985 பிப்ரவரியில் கார்போவ்–காஸ்பரோவ் உலகப் பட்டப் போட்டியை 48 ஆட்டங்களுக்குப் பிறகு முடிவில்லாமல் நிறுத்தியவர் இவரே. டிராக்களை விட்டு வெற்றிகளை மட்டும் எண்ணினால் கார்போவ் 5–3 என முன்னிலையில் இருந்தார். கடைசி இரண்டு ஆட்டங்களை வென்றதோ காஸ்பரோவ். அந்த முடிவு யாரைக் காப்பாற்றியது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.