நான் அனுப்பாத கடிதம் எனக்கே திரும்பி வருகிறது

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். மேல்மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறேன். முன்பதிவெல்லாம் ஜீமெயிலில்தான். போன செவ்வாய் காலை திறந்து பார்த்தால் 140க்கு மேல் ‘டெலிவரி ஃபெயில்ட்’ கடிதங்கள். ஒன்றுகூட நான் எழுதியதில்லை. கொம்பியூட்டர் திருத்துகிற கடைத் தம்பி ‘வைரஸ், எல்லாவற்றையும் அழித்து ஃபோர்மட் அடிக்க வேணும்’ என்கிறார். மகளின் கல்யாணப் படங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. அடிக்கக் கொடுக்கட்டுமா?

பதில்: கொடுக்க வேண்டாம், ரீச்சர். குறைந்தபட்சம் இன்றைக்கு வேண்டாம்.

கிண்ணியாவில் யாரோ ஒருவர் கடித உறையில் அனுப்புநர் என்று உங்கள் உப்புவெளி விலாசத்தை எழுதித் தபால்பெட்டியில் போடுகிறார் என்று வையுங்கள். பெறுநர் அந்த விலாசத்தில் இல்லை. கடிதம் எங்கே திரும்பும்? உங்கள் கேற்றுக்குத்தான். அதற்காக அவர் உங்கள் வீட்டுக்குள் வந்துபோனார் என்று ஆகிவிடாது.

மின்னஞ்சலும் அப்படித்தான். அதை அனுப்பும் முறை 1982இல் எழுதப்பட்டபோது, அனுப்புநர் இடத்தில் இருக்கும் விலாசம் உண்மையா என்று சோதிக்க வழி வைக்கவில்லை. ஒருவரையொருவர் தெரிந்த சில ஆய்வுக்கூடங்களுக்கு அது போதுமாக இருந்தது. பின்னாளில் அதைச் சோதிக்க எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று காவல்கள் வந்தன. ஆனாலும் கடிதங்களை வாங்கிக் கொடுக்கும் கொம்பியூட்டர்களான சேவர்கள் சில இவற்றைப் பார்க்காமலே கடிதத்தை வாங்கிக்கொண்டு, பிறகுதான் ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று உங்களுக்குத் திருப்புகின்றன. குப்பைக் கடிதம் அனுப்புகிறவனுக்கு யாரோ ஒருவரின் விலாசம் தேவைப்பட்டது, உங்களுடையது கையில் அகப்பட்டது. அறை வாடகைக்கு என்று அதை இணையத்தில் போட்டிருப்பீர்கள்தானே?

ஆனால் இது ஊகம். உறுதிப்படுத்த வேண்டும்.

முதலில் ‘சென்ட்’ பெட்டியையும் ‘ட்ராஷ்’ பெட்டியையும் பாருங்கள். நீங்கள் எழுதாத கடிதம் அங்கே கிடந்தால் விஷயம் வேறு. அப்புறம் கொம்பியூட்டரில் ஜீமெயிலைத் திறந்து, பக்கத்தின் அடியில் வலது மூலையில் சின்னதாக இருக்கும் ‘டீட்டெய்ல்ஸ்’ஐ அழுத்துங்கள். கடைசியாக எங்கிருந்து, எந்த நேரம், எந்தக் கருவியில் கணக்கு திறக்கப்பட்டது என்று காட்டும். நீங்கள் திருகோணமலையில் இருக்க அது கொழும்பு என்று சொன்னால் பயந்துவிடாதீர்கள். இணைய நிறுவனத்தின் இலக்கம் அங்கே பதிவாகியிருக்கலாம். முன்பின் அறியாத நாடு தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். செட்டிங்ஸில் ‘ஃபில்டர்ஸ்’, ‘ஃபோர்வர்டிங்’ இரண்டையும் திறந்து பாருங்கள். உள்ளே வந்தவன் உங்கள் கடிதங்களின் நகல் தனக்குப் போகும்படி அங்கே ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருப்பான். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த ஏற்பாடு அப்படியே இருக்கும்.

மூன்றும் சுத்தமாக இருந்தால் உங்கள் விலாசத்தை வெளியே யாரோ போலியாகப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நிறுத்த உங்களால் முடியாது. பொதுவாகச் சில நாளில் தானாக ஓய்ந்துவிடும். எதற்கும் பதில் எழுதாதீர்கள். திரும்பி வருபவை எல்லாவற்றையும் அழிக்கும்படி ஃபில்டர் போடவும் வேண்டாம். விருந்தினர் ஒருவருக்கு நீங்களே எழுதிய பதில் விலாசப் பிழையால் திரும்பினால் அதுவும் சேர்ந்து போய்விடும். அழிப்பதற்கு முன் வங்கியின் பெயரைத் தேடிப் பாருங்கள். பணம் எடுத்த அறிவித்தலை மறைக்கவென்றே ஒருவரின் பெட்டியைக் குப்பையால் நிரப்பும் ஆட்களும் உண்டு.

அந்த 140இல் எதிலும் இணைப்புக் கோப்பைத் திறக்க வேண்டாம், ‘மீண்டும் லொகின் செய்யுங்கள்’ என்ற பட்டனை அமத்தவும் வேண்டாம். 2004 ஜனவரியில் உலகம் முழுக்கப் பரவிய மைடூம் என்ற வைரஸ் இந்த வேஷத்தில்தான் வந்தது: கடிதம் போய்ச் சேரவில்லை, இணைப்பைப் பாருங்கள் என்று. பார்த்தவர்களின் கொம்பியூட்டர் அடுத்த ஆட்களுக்கு அனுப்பத் தொடங்கியது. இன்றும் அதே உத்தி ஓடுகிறது.

சோதனையில் ஏதாவது தட்டுப்பட்டால், கடவுச்சொல்லை அந்தக் கொம்பியூட்டரில் இருந்து மாற்றாதீர்கள். தட்டச்சு செய்வதைத் திருடும் நிரல் உள்ளே இருந்தால் புதியதும் அவன் கைக்குப் போகும். போனில் இருந்து மாற்றுங்கள், எல்லாக் கருவியிலும் ‘சைன் அவுட்’ கொடுங்கள், இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: பிரின்ட் எடுக்கக் கொமினிகேஷன் கடையில் மெயிலைத் திறந்துவிட்டு மூடாமல் வந்தீர்களா? எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு அங்கேதான் விடை கிடைக்கிறது. கணக்குக்குள் யாரோ புகுந்தது உறுதியானால் 101க்கு அழைத்து, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டிடம் சொல்லலாம்.

இப்போது கொம்பியூட்டர். எந்த விண்டோஸ் என்று நீங்கள் எழுதவில்லை. பத்து என்றால், 2025 ஒக்டோபர் 14உடன் மைக்ரோசொஃப்ட் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. பதிவு செய்தவர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. பதினொன்றுக்கு மாற முடிந்தால் மாறிவிடுங்கள். விண்டோஸுடன் கூடவே வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். அதில் ‘ஒஃப்லைன் ஸ்கேன்’ என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே தேடும். கால் மணித்தியாலம் போல ஆகும். அதைக் கட்டாயம் ஓட்டுங்கள். கடையில் சும்மா போட்டுத்தந்த கள்ள ஒஃபிஸ் இருந்தால் கழற்றுங்கள். அதைத் திறக்கத் தரும் அக்டிவேட்டர்கள் பல, வைரஸைச் சுமந்துகொண்டே வருகின்றன.

ஸ்கேனில் பிடிபட்டதை டிஃபெண்டராலும் அகற்ற முடியவில்லை என்றால் மட்டும் ஃபோர்மட். அப்போதும் படங்களைக் காப்பி எடுத்த பிறகுதான். 2023இல் அரசாங்கத்தின் கிளவுட்டை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வெயர் தாக்கியபோது மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன. அந்தக் காலத்துக்கு நகல் இருக்கவில்லை. கல்யாணப் படங்களை ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்கில் எடுத்து, உடனே கழற்றி அலுமாரியில் வையுங்கள். செருகியபடி விட்டால் வைரஸ் அதையும் பூட்டிவிடும். இன்னொரு பிரதியை மகளிடமே கொடுத்துவிடுங்கள்.