புயல் நம் பக்கம் திரும்பினால்: கடலூர், புதுச்சேரிக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி மழையைப் பற்றித்தான். மஞ்சக்குப்பத்தில் பல வருடம் புவியியல் பாடம் எடுத்தவன் நான். மொட்டை மாடியில் ஒரு மழைமானி, கூடத்துச் சுவரில் ஒரு காற்றழுத்தமானி, இரண்டையும் தினமும் பார்த்து நோட்டில் எழுதும் பழக்கம் இன்னும் விடவில்லை. வானிலைத் துறையில் வேலை பார்த்தவன் இல்லை. அவசர நேரத்தில் என் பேச்சைவிட வானிலை ஆய்வு மையமும் மாவட்ட நிர்வாகமும் சொல்வதைக் கேளுங்கள். இந்த முறை கேள்விகளை முன்கூட்டியே அனுப்பச் சொன்னேன். வந்தவற்றுக்குப் பதில் இதோ.

சார், செயற்கைக்கோள், ரேடார் எல்லாம் இருந்தும் கடலூரா பாண்டியா என்று கடைசி வரைக்கும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே, ஏன்? (முதலியார்பேட்டை)

ஒரு நாளுக்கு முன்பு புயலின் மையம் எங்கே இருக்கும் என்று சொல்லும்போது, சராசரியாக எழுபது, எண்பது கி.மீ. தள்ளிப்போவது இன்றைக்கும் சகஜம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருபத்திரண்டு கி.மீ. சொச்சம்தான். அந்தக் கணக்கில் நாம் இரண்டு ஊர் இல்லை, ஒரே ஊர். காரைக்காலிலும் சென்னையிலும் ரேடார் இருப்பதால் புயல் கரைக்குப் பக்கத்தில் வந்தபிறகு துல்லியம் கூடும். ஆனால் அதற்குள் இருட்டிவிடும், சாலையில் மரம் விழுந்திருக்கும்.

"எங்கே கரை கடக்கும்" என்ற கேள்வியையே கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் என்றுதான் வருடாவருடம் சொல்லி வருகிறேன். மையம் ஒரு புள்ளி. புயல் பல நூறு கி.மீ. அகலம். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: என் வீட்டுக்குத் தண்ணீர் வந்தால் எந்த வழியாக வரும்? கடல் வழியாகவா, மழை வழியாகவா, ஆற்று வழியாகவா? இதற்குப் பதில் தெரிந்தவர் புயலின் பெயர் தெரியாமலேயே பிழைத்துக்கொள்வார்.

ஐயா, புயல் எந்தப் பக்கம் போகிறது என்று கரையில் நின்றே தெரிந்துகொள்ள முடியுமா? என் தாத்தா காற்றைப் பார்த்துச் சொல்வார். (தேவனாம்பட்டினம்)

முடியும். உங்கள் தாத்தா பார்த்ததுதான் சரியான வழி. நம் பக்கத்துப் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கின்றன. அதனால் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், மையம் உங்கள் இடதுகைப் பக்கம் இருக்கும். வடக்கிலிருந்து வாடை அடிக்கும்போது இப்படி நின்றால் முகம் தெற்கே, இடதுகை கிழக்கே. புயல் கடலில் நமக்கு நேரே நிற்கிறது என்று அர்த்தம்.

அப்புறம்தான் முக்கியமான விஷயம். வாடை மெல்ல மேற்கே திரும்பி நிலத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தால், மையம் நமக்கு வடக்கே போகிறது. காற்று பலமாக இருக்கும், ஆனால் கடலை வெளியே தள்ளும். வாடை கொண்டலாக, அதாவது கிழக்கிலிருந்து வரும் காற்றாகத் திரும்பினால் மையம் நமக்குத் தெற்கே கரை ஏறுகிறது. அப்போது காற்று கடலை அள்ளிக்கொண்டு வந்து நம் மேல் போடும். நம் கரையில் புயல் மேற்கு நோக்கி வரும்போது அதன் வடக்குப் பக்கம், அதாவது பாதைக்கு வலப்பக்கம்தான் கடல் ஏறும் பக்கம். சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு, தாழங்குடா, அந்தப் பக்கம் வைத்திக்குப்பம், வீராம்பட்டினம் என்று கரையோரக்காரர்கள் எல்லோரும் இதை மனதில் வைக்க வேண்டும்.

இதற்காகக் கரைக்குப் போய் நிற்காதீர்கள். வீட்டு வாசலில் நின்றாலே காற்றின் திசை தெரியும்.

"தானே" புயல் அன்று இரவு எப்படி இருந்தது? நான் அப்போது கைக்குழந்தை. (திருப்பாதிரிப்புலியூர், மாணவர்)

2011 டிசம்பர் 30 விடியற்காலை ஆறரையிலிருந்து ஏழரைக்குள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கி.மீ. காற்று. முந்தின நாள் சாயங்காலம் காற்றழுத்தமானி முள் நகர ஆரம்பித்தது. வழக்கமாக 1010 மில்லிபார் பக்கம் நிற்கும் முள், நான் விரலால் தட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இடதுபக்கம் ஒரு பொட்டு இறங்கியது. நள்ளிரவுக்குமேல் அதைப் பார்க்க டார்ச் வேண்டியிருந்தது.

காற்று சத்தம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது கதவு. வடக்குப் பார்த்த வாசற்கதவு, தாழ்ப்பாள் போட்டும் உள்ளே வயிறு தள்ளுவது போல வளைந்து வளைந்து நிமிர்ந்தது. அதற்கு நானும் என் மனைவியும் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தோம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளும் பலம் நாலு மடங்கு. வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிய கணக்கு அது. அன்றைக்கு முதுகில் தெரிந்தது.

விடிந்து பார்த்தால் தெருவில் வெளிச்சம் அதிகமாக இருந்தது. மரங்களே இல்லை, அதனால்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: புயலின் கண் நேராக நம் மேல் வந்தால் காற்று திடீரென்று அடங்கும், வானம்கூட வெளுக்கும். புயல் போய்விட்டது என்று நினைத்து வெளியே வராதீர்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே பலத்தோடு அடிக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட மரமும் சுவரும் விழுவது அப்போதுதான்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி வைத்திருக்கிறோம். தானேவில் எல்லாம் போய், திரும்ப வைத்து இப்போதுதான் நல்ல காய்ப்பு. மரத்தைக் காப்பாற்ற வழி உண்டா, சார்?

பெரிய புயலில் முழுத்தோப்பையும் காப்பாற்ற வழி இல்லை, அம்மா. உங்களிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. மழைக்காலத்துக்கு முன்பே அடர்ந்த கிளைகளைக் கழித்துவிட்டால் காற்று ஊடே புகுந்து போகும், சேதம் குறையும். தென்னை இருந்தால் முற்றிய காய்களையும் பழுத்த மட்டைகளையும் முன்னதாகவே இறக்கிவிடுங்கள். வெட்டுக்கு வந்த சவுக்கைத் தள்ளிப்போடாதீர்கள். சாய்ந்த இளங்கன்றுகளை ஓரிரு நாளில் நிமிர்த்தி மண் அணைத்து முட்டுக்கொடுத்தால் பிழைக்கும்.

ஃபெஞ்சல் புயல் வெறும் எண்பது, தொண்ணூறு கி.மீ. காற்றுதானே? அதற்கு ஏன் புதுச்சேரி அப்படி மூழ்கியது? (ரெயின்போ நகர்)

புயலின் தரம் காற்றை வைத்துப் போடுவது. மழையை வைத்து இல்லை. 63 கி.மீ. தொட்டால் பெயர் கிடைக்கும். 118 தாண்டினால் மிகத் தீவிரப் புயல். 2020 நவம்பர் 25 நள்ளிரவில் வந்த நிவர் அந்த வகை. ஃபெஞ்சல் பெயர் பெற்ற புயல்களில் அடிமட்டத் தரம். ஆனால் 2024 நவம்பர் 30 இரவு கரை ஏறியபிறகு, நகராமல் நம் பக்கத்திலேயே நின்றது. மழை என்பது மேகம் எவ்வளவு நேரம் தலைக்குமேல் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் சுமார் 48 செ.மீ., மயிலத்தில் சுமார் 50 செ.மீ. புதுச்சேரியின் பழைய ஒருநாள் அளவுகளையெல்லாம் தூக்கி விழுங்கிய மழை அது.

அதனால் அடுத்த முறை செய்தியில் "வேகம் குறைந்த புயல்" என்று வந்தால் இரண்டு வேகத்தையும் பிரித்துக் கேளுங்கள். காற்றின் வேகம் வேறு, புயல் நகரும் வேகம் வேறு. மெல்ல நகரும் புயலுக்கு நான் அதிகம் பயப்படுவேன்.

ஃபெஞ்சல் கரை ஏறியபிறகு எங்கள் ஊரில் மழையே விட்டுவிட்டது. புயல் போச்சு என்று துணி துவைத்துக் காயப்போட்டோம். அப்புறம் எப்படி இடுப்பளவு தண்ணீர் வந்தது? (நாணமேடு)

உங்கள் கேள்வியைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்தத் தண்ணீர் நம் வானத்திலிருந்து வந்தது இல்லை. புயல் வலுவிழந்து உள்ளே போனதும் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. அது தென்பெண்ணையில் சேர்ந்து திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2 அதிகாலை விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். அவ்வளவும் விழுப்புரம் மாவட்டத்தைக் கடந்து, நம் பக்கத்தில் நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு என்று பரவி, தாழங்குடா அருகே கடலில் சேர வேண்டும். வேறு வாசல் அந்த ஆற்றுக்கு இல்லை.

நான் 2-ஆம் தேதி ஒரு நண்பர் வீட்டுக்கு, அவர் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்ற உதவிக்குப் போனேன். வாசலில் தண்ணீர் தெளிவாக, சத்தமே இல்லாமல் ஏறியது. படியில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டேன். கால் மணி நேரத்தில் கோடு மறைந்துவிட்டது. கட்டில் போதாது என்று மூட்டையை விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு ஓரத்தில் இருக்கிறவர்களுக்குப் புயல் கரை கடந்ததோடு கணக்கு முடிவதில்லை. அடுத்த மூன்று நாள் மேற்கே எங்கே மழை, எந்த அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியாக இருந்தால் ஓதம் ஏறி நிற்கும். கடல் உயர்ந்திருக்கும்போது ஆறு வடிய மறுக்கும், முகத்துவாரத்தில் நின்று பின்வாங்கி ஊருக்குள் வரும்.

அமெரிக்காவில் கத்ரினா வந்தபோது நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியதைப் பற்றிக் கல்லூரியில் படித்தேன். பணக்கார நாட்டில் எப்படி? நமக்கு அதில் பாடம் உண்டா, சார்? (லாஸ்பேட்டை, மாணவி)

உண்டு, நிறைய. அந்த ஊரில் ஏறக்குறைய பாதி கடல் மட்டத்துக்குக் கீழே, ஒரு கிண்ணம் மாதிரி. ஒரு பக்கம் மிசிசிப்பி, இன்னொரு பக்கம் பெரிய ஏரி, நடுவில் கரைச்சுவர்களை நம்பி ஊர். 2005 ஆகஸ்ட் 28 அன்று கடலில் கத்ரினாவின் காற்று 280 கி.மீ. மறுநாள் கரை ஏறும்போது சுமார் 200. குறைந்துவிட்டதே என்று ஆறுதல் பட முடியவில்லை. உச்சத்தில் இருந்தபோது அது கிளப்பிய கடல் குறையாமல் அப்படியே வந்தது. கால்வாய்ச் சுவர்கள் உடைந்து ஊரில் எண்பது சதவீதம் தண்ணீருக்குள் போனது. வடிய வாரக்கணக்கில் ஆயிற்று.

கட்டாயமாக வெளியேறச் சொன்ன உத்தரவு வந்தது முந்தின நாள் காலையில்தான். கார் இருந்தவர்கள் போய்விட்டார்கள். கார் இல்லாதவர்கள், முதியவர்கள், நோயாளிகள் தங்கிவிட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

புதுச்சேரி கிண்ணம் இல்லை. ஆனால் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற பள்ளமான பகுதிகளின் தண்ணீர் வாய்க்கால் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். கடல் ஏறியிருந்தால் வாய்க்கால் வாங்காது. உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவர் யார், வண்டி இல்லாத வீடு எது என்று இப்போதே தெரிந்து வையுங்கள்.

பத்தாம் நம்பர் கூண்டு என்றால் ஒன்பதைவிட மோசமா?

அப்படி இல்லை. கூண்டு கப்பல்களுக்குச் சொல்லும் சேதி. ஒன்று, இரண்டு என்றால் புயல் தூரத்தில். எட்டு, ஒன்பது, பத்து மூன்றுமே பெரும் ஆபத்துதான். துறைமுகம் புயல் பாதைக்கு இடப்பக்கம் என்றால் எட்டு, வலப்பக்கம் என்றால் ஒன்பது, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ வந்தால் பத்து. கடல் ஏறும் பக்கம் வலப்பக்கம் என்று மேலே சொன்னேனே, ஒன்பதைப் பார்த்து "பத்து இல்லையே" என்று கரையோரத்தில் யாரும் தங்கிவிடக் கூடாது. பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது.

அண்ணே, ஃபைபர் படகு, எஞ்சின், வலை எல்லாம் கடனில் வாங்கினது. விட்டுட்டு முகாமுக்குப் போக மனசு வரலை. (ராசாப்பேட்டை)

தம்பி, புரிகிறது. முதல் எச்சரிக்கை வந்த அன்றே, கரை இன்னும் அமைதியாக இருக்கும்போதே, எஞ்சினைக் கழற்றி ஊருக்குள் மேடான வீட்டில் வையுங்கள். வலையையும் அப்படியே. நாலு பேர் சேர்ந்து டிராக்டர் வைத்துப் படகை மேட்டுக்கு இழுத்து, இரண்டு பக்கமும் கட்டுங்கள். படகையும் எஞ்சினையும் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், பதிவுப் புத்தகம், காப்பீட்டுத் தாளோடு. இவ்வளவுதான் மனிதனால் முடியும். ராத்திரி காற்று ஏறினபிறகு கயிறு அறுந்ததா என்று பார்க்கப் போகாதீர்கள். படகுக்கு இன்னொரு கடன் கிடைக்கும், தம்பி. உங்களுக்குப் பதில் உங்கள் வீட்டுக்கு யார்?

அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. ஆட்டை விட்டு வர மாட்டேன் என்று அடம் பிடிக்கிறார். (அக்கரைக்கோரி)

ஆட்டையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள். சண்டை போட்டு ஜெயிக்கிற விஷயம் இல்லை இது. முகாம் வளாகத்தில் கட்ட இடம் இருக்கிறதா என்று காலையிலேயே போய்ப் பாருங்கள். இல்லையென்றால் மேட்டில் இருக்கும் உறவுக்காரர் வீட்டில் விடுங்கள். முடியாத நிலையில் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், கட்டின மாடும் ஆடும்தான் வெள்ளத்தில் சாகும். அம்மாவின் மாத்திரை பதினைந்து நாளைக்கு, கண்ணாடி, ஆதார், குடும்ப அட்டை, ஒரு போர்வை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள். இருட்டில், மழையில், முழங்கால் தண்ணீரில் எழுபத்தைந்து வயதுக்காரரை நடத்திக் கூட்டிப்போக முடியாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. முதியவர்களை ஏற்ற வண்டி வேண்டுமென்றாலும் கேட்கலாம்.

கரண்டை ஏன் முன்கூட்டியே நிறுத்துகிறார்கள்?

அறுந்த கம்பி தண்ணீரில் கிடந்து உயிர் எடுக்கக் கூடாது என்பதால். அதற்குமுன் மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள். தானேவுக்குப் பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஒரு வீட்டுத் தொட்டி நிரம்ப ஜெனரேட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று தெரிந்தால் மெயினை நீங்களே இறக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

சார், நானும் மழைமானி வைக்கலாமா? எட்டாம் வகுப்பு படிக்கிறேன். (கடலூர் முதுநகர்)

கட்டாயம் வை. நேராக நிற்கும் உருளை டப்பா போதும், வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். மரமும் சுவரும் மறைக்காத இடத்தில், காற்றில் சாயாதபடி செங்கல் அணைத்து வை. தினமும் காலை எட்டரைக்கு ஸ்கேலை உள்ளே விட்டு அளந்து, தேதி போட்டு எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடு. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். உன் வீட்டு மாடியின் பரப்பால் பெருக்கிப் பார். ஃபெஞ்சல் இரவில் என் டப்பா நிறைந்து வழியுமோ என்று குடை பிடித்துக்கொண்டு இரண்டு முறை மாடி ஏறினேன். நீ இருட்டில் ஏறாதே, அதற்காக உயரமான டப்பாவாகப் பார்த்து வாங்கு. முதல் மாதம் எழுதியதும் நோட்டைக் கொண்டு வந்து காட்டு.